கோரைத்திட்டுப் படையின் கொடிவழி

அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

மாடன் கோயில் தகரக் கொட்டகையில், பூடத்தைப் பார்த்தாற்போல் ஒரு சிமெண்டு பெஞ்சு கிடக்கிறது. அதில் சாமியாடி மாசானம் அண்ணாச்சி. அவரைத் தவிர அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவருக்கு இடப்பக்கம், தூண் மறைவில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் அவர் மகன் சிவப்பிரகாஷ். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிறான். வலப்பக்கம் பாயில் பெண்கள். முன்னால் மாசானம் அண்ணாச்சியின் மனைவி அருணாசலவடிவு மதினி, அவளை ஒட்டி, மடியில் கைப்பிள்ளையோடு சந்தனமாரி. கோயிலுக்கு வரி கொடுக்கிற மற்ற ஆண்கள் மணலில். அவர்களுக்கு நடுவில் வள்ளக்காரன் தங்கதுரை. வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், மாரிச்செல்வம். சாத்தான்குளத்துக்காரர்; சிவப்பிரகாஷின் மனைவி பேச்சிச்செல்விக்குக் கூடப்பிறந்த அண்ணன். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை. வாங்கிக் கொடுத்த கலர் சோடாவையும் குடிக்கவில்லை. டாக்டர் வேல்விழிக்கு மேசையும் நாற்காலியும் போட்டிருந்தோம். அவர் உட்காரவே இல்லை. நான் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிச் செயலாளர். பூடத்துக்கு அருகே மினிட் நோட்டோடு இருந்தேன்.

வராதவள் பேச்சிச்செல்வி. அவளைப் பற்றித்தான் கூட்டம்.

எங்கள் கோரைத்திட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது. உப்பளங்களைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, வள்ளத்தில்தான் வர வேண்டும். எழுபது வீடு இருக்கும். பனங்காட்டு ஊர்களிலிருந்து உப்பு வேலைக்கு வந்து தங்கியவர்களின் வாரிசுகள் நாங்கள். இப்போது பாதிப்பேர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறார்கள். எழுபது வீட்டிலும் படை இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. தொடையிடுக்கில், இடுப்பு மடிப்பில், மார்புக்குக் கீழே, பிள்ளைகளுக்குக் கன்னத்தில். வட்டம் வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்து, இரவெல்லாம் அரிக்கும். மெடிக்கல் கடையில் வாங்கும் ட்யூபைத் தடவினால் பத்து நாள் அடங்கும். அப்புறம் இரண்டு மடங்காகத் திரும்பும்.

பேச்சிச்செல்வி கல்யாணமாகி வந்து மூன்று வருடம். வந்த சில மாதத்தில் அவளுக்குக் கழுத்திலும் தோளிலும் படை வந்தது. மற்ற பெரியவர்களுடையது வேட்டிக்குள்ளும் சேலைக்குள்ளும் இருந்தது, கோயிலுக்கு வெளியே அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அவளுடையது வெளியே தெரிந்தது. ஆகவே அவள்தான் கொண்டுவந்தாள் என்று ஆயிற்று. யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. போன கொடைக்குள் அது ஊரறிந்த சங்கதியாகிவிட்டது.

போதாததற்கு, வெள்ளிக்கிழமை தோறும் சாமியாடி தன் இடுப்புக் கச்சையால் படையைத் தடவி விடுவதற்கு அவள் வரமாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்திருக்கிறார்கள், அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். மாடனையே மதிக்காதவள் என்று பேச்சு கிளம்பியது. மாசானம் அண்ணாச்சி மகனோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாத்தான்குளத்தில் விட்டார். சும்மா விடவில்லை. அவளுடைய அப்பா டீக்கடையில் பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தபோது, ‘உங்க வீட்டு அழுக்கை எங்க ஊருக்கு அனுப்பிட்டியளே’ என்று கேட்டுவிட்டு வந்தார்.

கூட்டத்தில் இரண்டு காரியம். முதலில் டாக்டர் தன் ஆராய்ச்சி முடிவைச் சொல்வது. அடுத்து, பேச்சிச்செல்வியைத் தீர்த்து, அதாவது சிவப்பிரகாஷோடு உறவை அறுத்து எழுதுவது. இரண்டாவதற்குப் பத்திரத்தாள் என் நோட்டுக்குள் இருந்தது.

டாக்டர் வேல்விழி சாயர்புரத்துப் பெண். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறார். போன வருடம் வந்து வீடு வீடாக ஏறி, மழுங்கிய பிளேடால் எங்கள் தோலை மெல்லச் சுரண்டி, கறுப்புத் தாளில் மடித்துக்கொண்டு போனார். ஆளுக்கொரு நம்பர் கார்டு கொடுத்தார். பெயர் எழுதவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தூத்துக்குடி லாரி ஷெட்டுகளிலும், சாயர்புரத்திலும், சாத்தான்குளத்திலும் அதேபோல் சுரண்டி எடுத்ததாகச் சொன்னார்.

கொண்டுவந்த பிளக்ஸைப் பிரித்து இரண்டு தூணுக்கு நடுவில் கட்டினார். கல்யாண பிளக்ஸ் அளவுக்குப் பெரிதாக இருந்தது.

“யாருக்கு டாக்டரம்மா கல்யாணம்? பொண்ணு மாப்பிள்ளை போட்டோவைக் காணோமே” என்றான் தங்கதுரை. எல்லோரும் சிரித்தார்கள். மாசானம் அண்ணாச்சியும் சிரித்தார்.

பிளக்ஸில் மரம் போல ஒரு படம். அடியில் ஒரே தண்டு, அது கிளையாகி, கிளை கொப்பாகி, கொப்பின் நுனியில் நம்பர்கள். டாக்டர் விளக்கியது இது: படை என்பது பூச்சியல்ல, பூஞ்சை. பழைய ரொட்டியில் பூக்கிறதே, அதற்குத் தூரத்துச் சொந்தம். ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்குப் போகும்போது தன்னையே நகலெடுத்துக்கொண்டு போகும். நகலில் அங்கங்கே பிழை விழும். விழுந்த பிழை அடுத்த நகலிலும் அப்படியே இருக்கும், கூடப் புதிதாக ஒன்றிரண்டு சேரும். பிழைகளை வரிசைப்படுத்தினால் எது முந்தியது, எது அதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைக்கு யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சார் அப்படித்தான் பிடிப்பார். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். மூன்று பேருக்கு ஒரே இடத்தில் ஒரே தப்பு விழாது. அதை நான் சொன்னதும் டாக்டர், அதேதான் என்றார். அதன் பிறகு எல்லோருக்கும் விளங்கியது.

தூத்துக்குடியில் எடுத்தவை ஐந்தாறு நிறத்தில் இருந்தன. அங்கே நாலா திசையிலிருந்தும் ஆள் வருகிறது, படையும் பல வம்சம். சாயர்புரமும் அப்படித்தான். கோரைத்திட்டின் நம்பர்கள் மட்டும் அத்தனையும் ஒரே சிவப்பு.

“இங்கன உள்ளது பூராவும் ஒரே வம்சம்” என்றார் டாக்டர். “தண்ணி சுத்தின ஊரு பாத்தியளா. உள்ள வந்த ஒண்ணுதான் எல்லாரு மேலயும் பெருகியிருக்கு. வேற எதுவும் வரல.”

மாசானம் அண்ணாச்சி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “ஒரு ஆள் கொண்டாந்ததுன்னு சொல்லுதிய.”

“ஆமா. ஒரு ஆள்தான்.”

“நாங்களும் அதத்தான சொன்னோம்.”

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. அருணாசலவடிவு மதினி பக்கத்தில் இருந்தவளிடம், கேட்கும்படியாகவே, இதைச் சொல்ல மெட்ராஸிலிருந்து ஒரு ஆள் வரணுமா என்றாள். நான் பத்திரத்தாளை நோட்டுக்கு மேலே எடுத்து வைத்தேன். சிவப்பிரகாஷ் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்தான்.

மாரிச்செல்வம் எழுந்து உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். “எந்தங்கச்சி கார்டு. எல்லாரு முன்னாலயும் காட்டச் சொல்லிருக்கா.”

அறுபத்தொன்று. டாக்டர் மரத்தின் உச்சியில், மெல்லிய கொப்பு ஒன்றின் நுனியைத் தொட்டார். கோரைத்திட்டுச் சிவப்புதான். ஆனால் அதற்குக் கீழே கிளைக்கு மேல் கிளையாக எத்தனையோ நம்பர் இருந்தன. அவளுடையது அவ்வளவுக்கும் பிந்தியது. தண்டு முளைத்து ஏழெட்டு வருடமாவது இருக்கும், முன்னே பின்னே ஒரு வருடம் கூடலாம் குறையலாம் என்றார். சாத்தான்குளத்தில் எடுத்தவை தனியே ஓர் ஓரத்தில் நீல நிறத்தில் இருந்தன. அவள் அப்பா வீட்டில் எடுத்ததும் நீலம்தான்.

“இவ கொண்டாரல. இங்கன வந்த பொறவுதான் இவளுக்கு வந்திருக்கு.”

வாசல் பக்கம் திரும்பியிருந்த தலைகள் பிளக்ஸுக்குத் திரும்பின. மாசானம் அண்ணாச்சி மட்டும் அசரவில்லை. இடுப்பு மடியிலிருந்து தன் கார்டை எடுத்துக் கொண்டுவந்து டாக்டரின் மேசைமேல் வைத்தார். “பதினேழு. என்னது எங்கன இருக்குன்னு காட்டுங்க. ஊருக்கும் தெரியட்டும்.”

டாக்டர் கார்டைப் பார்த்தார். தனியாகப் பேசுவோமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

“எனக்கென்ன தனியா? சும்மா காட்டுங்கம்மா.”

இன்னொரு தரமும் கேட்டார். அதற்கும் அண்ணாச்சி அதே பதிலைத்தான் சொன்னார். டாக்டர் குனிந்து, மரத்தின் அடித்தூரில் விரலை வைத்தார்.

தண்டு தொடங்கும் இடத்தில் பதினேழு. அதற்குக் கீழே வேறு சிவப்பு இல்லை. அதை ஒட்டினாற்போல் தூத்துக்குடிக் கிளை ஒன்று நின்றது. அதில் எழுதியிருந்தது, லாரி ஷெட். எங்கள் ஊரில் ஷெட்டில் படுத்து லாரி ஓட்டியவர் ஒருவர்தான். சாமியாடியாக இருந்த சித்தப்பா தவறி, அந்தப் பொறுப்பு மாசானம் அண்ணாச்சிக்கு வந்து, லாரியை விட்டுவிட்டுத் திட்டோடு தங்கி எட்டு வருடம். அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கதுரை குனிந்து கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அருணாசலவடிவு மதினிதான் முதலில் பேசினாள். “அவிய மாடன் இறங்குத ஒடம்புல்லா. அவியளுக்கு எப்படி வரும்?”

“சும்மா இருளா” என்றார் அண்ணாச்சி. அவர் கண் பிளக்ஸை விட்டு நகரவில்லை. “ஷெட்ல இருக்கையிலேயே இருந்துச்சு. வேர்க்குருன்னு நெனச்சேன்.”

டாக்டர் அவசரமாகச் சொன்னார்: முதலில் ஒருவருக்கு வருவது யார் குற்றமுமில்லை. ஷெட்டில் நூறு பேருக்கு இருக்கிறது, அவர்கள் ஊர்களிலெல்லாம் இப்படி வீடு தவறாமல் பரவவில்லை. இங்கே மட்டும் ஏன் என்பதைத்தான் அவர் ஒரு வருடமாகத் தேடியிருக்கிறார்.

படத்தின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. அதிலிருந்து எல்லாக் கிளைக்கும் மெல்லிய கோடுகள் போயின. நம்பர் இல்லை. ‘துணி’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஊரில் கிடைத்த ஒவ்வொரு கிளையும் அந்தத் துணியிலும் கிடைத்திருக்கிறது. பழையதும் புதியதும், பெரியவர்களுடையதும் பிள்ளைகளுடையதும், எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

மினிட்டில் எழுத வேண்டுமே என்று நான்தான் கேட்டேன். “எந்தத் துணிம்மா?”

டாக்டர் பூடத்துக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியைப் பார்த்தார்.

அந்தப் பெட்டியில் இருப்பது கச்சை. கொடைக்குச் சாமியாடி மணி கட்டிய குட்டைக் காற்சட்டை போடுவார், அதன் பெயர் சல்லடம். அதற்கு மேல் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற நீளத்துணிதான் கச்சை. அவர் ஆட ஆட வியர்வையில் ஊறும். அதில் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் முறை. துவைத்தால் மாடன் அதை விட்டுப் போய்விடுவான் என்பார்கள். நிழலில் காயவைத்துப் பெட்டியில் வைப்போம். ஊரில் படை கூடிய பிறகு, அந்தக் கச்சையின் முந்தியால்தான் வெள்ளிக்கிழமை தோறும் படை உள்ளவர்களைத் தடவி, திருநீறு போட்டு அனுப்புவார். நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். படை கூடக் கூட வரிசை நீண்டது. வரிசை நீள நீளப் படை கூடியது.

போன வருடம் டாக்டர் கச்சையைச் சோதிக்கலாமா என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து கொடுத்தார். மாடன் துணியில் என்ன இருந்துவிடப்போகிறது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். டாக்டர் அதன் மேல் ஒட்டுத்தாளை அழுத்தி எடுத்துக்கொண்டார்.

“கச்சையைப் பாக்கணும்னு எனக்குத் தோணல” என்றார் டாக்டர் இப்போது. “பேச்சிச்செல்வி சொன்னாவ. எல்லாருக்கும் இடுக்குல ஆரம்பிச்சிருக்கு, எனக்கு மட்டும் ஏன் தோள்ல ஆரம்பிச்சுதுன்னு கேட்டாவ. கல்யாணத்தன்னைக்கு என்னத்தைத் தோள்ல போட்டாங்கன்னும் அவிய தான் சொன்னாவ.”

புதுப்பெண் திட்டில் கால் வைத்ததும் மாடன் முன்னால் நிறுத்தி, கச்சையைத் தோளில் போர்த்தி, இனி நீ எங்கள் பிள்ளை என்று சாமியாடி சொல்லுவார். பேச்சிச்செல்விக்கும் போர்த்தினார். அன்று வெயில் அதிகம். படம் எடுத்து முடிக்கும்வரை அவள் அதை எடுக்காமல் நின்றாள். அந்தப் படம் மாசானம் அண்ணாச்சி வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறது. எத்தனையோ தடவை அதற்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன்.

மணலில் இருந்து யாரோ, மாடன் துணியைக் குற்றம் சொல்லக் கூடாது என்று முணுமுணுத்தார்.

“மாடனைச் சொல்லலைலே” என்றார் மாசானம் அண்ணாச்சி. “என் வேர்வையைச் சொல்லுதாவ.”

சந்தனமாரி மடியில் கிடந்த பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள். கன்னத்தில் பெரிய வட்டம், அதற்குள் சின்ன வட்டம். அதைத் துடைத்துவிடுகிறவள் போலக் கையைக் கொண்டுபோனாள். தொடுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டாள்.

“வாரா வாரம் நாந்தான தூக்கிட்டு வந்தேன்” என்றாள். “நல்லா அழுத்தித் தடவுங்க மாமான்னு சொன்னேனே.”

பிள்ளை, பிளக்ஸ் காற்றில் படபடப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் செய்ய வேண்டியதைச் சொல்ல, நான் எழுதினேன். ட்யூபுகளைத் தூரப் போட வேண்டும். எழுபது வீடும் ஒரே சமயத்தில் மாத்திரை தொடங்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. ஒருவர் துண்டை மற்றவர் எடுக்கக் கூடாது. துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். எந்தெந்தத் துணிகளை என்று நான் கேட்கவில்லை. மாசானம் அண்ணாச்சியே சொன்னார்: “கச்சையையும் எழுது. நானே அவிக்கேன்.”

அவர் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படித் தரையில் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் சிவப்பிரகாஷ் தூணை விட்டு வெளியே வந்தான். மாரிச்செல்வத்தின் முன்னால் போய் நின்று, இப்போதே கூட வருவதாகவும், அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவதாகவும் சொன்னான். மாரிச்செல்வம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இம்புட்டு நேரம் அந்தத் தூணைப் புடிச்சிட்டு இருந்தியே மாப்பிள, விட்டா விழுந்திருமோ?” என்றார். பிறகு போனை எடுத்து, தங்கச்சியைக் கூப்பிட்டு, நடந்ததை நாலு வார்த்தையில் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

மாசானம் அண்ணாச்சி போன் பக்கம் குனிந்தார். தாயி என்றார்.

“மாமா, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றாள் பேச்சிச்செல்வி. குரல் நிதானமாக இருந்தது. “போன்ல சொன்னா என் காதோட போயிரும். எங்கப்பாட்ட நீங்க சொன்னது டீக்கடை வாசல்ல. அவிய அதுக்குப் பொறவு அந்தக் கடைக்குப் போகவே இல்ல. எழுதி அனுப்புங்க. தபால்காரர் கொண்டு வந்ததும் அப்பாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, அண்ணன வச்சு வாசிக்கச் சொல்லுதேன். வாரதா இல்லையாங்குறத அதுக்குப் பொறவு நான் சொல்லுதேன்.”

“சரித் தாயி.”

“ஒங்க மவனும் கையெழுத்துப் போடட்டும். அன்னைக்கு அவியளும் கூடத்தான் நின்னாவ.”

போன் அணைந்தது. பத்திரத்தாளை நோட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன். வழக்கம்போல இடம், தேதி போட்டு, ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கினேன்.

“நலம்னு போடாதலே செல்வதுரை” என்றார் அண்ணாச்சி. “இங்கன யாருக்கு நலமா இருக்கு?”

வேறு தாளில் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, பேச்சை எழுத்தாக்கியதைத் தவிர நான் எதையும் சேர்க்கவில்லை.

‘சம்பந்தி அவர்களுக்கு மாசானம் எழுதுவது. உங்கள் வீட்டு அழுக்கை எங்கள் ஊருக்கு அனுப்பினீர்கள் என்று டீக்கடை வாசலில் உங்களைக் கேட்டேன். அது பொய். படை என்னிடமிருந்து ஊருக்கு வந்தது. நான் தோளில் போர்த்திய துணியிலிருந்து உங்கள் மகளுக்கு வந்தது. அவள் எதையும் கொண்டு வரவில்லை. வந்த வழியைக் கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான். இதைக் கடையில் எல்லோரும் கேட்க வாசிக்கவும். அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம்.’

கையெழுத்துப் போட்டார். அடுத்து சிவப்பிரகாஷ் போட்டான். அருணாசலவடிவு மதினி எழுந்து வந்து கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். பெயரை எழுத்து எழுத்தாக முழுதும் எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

மாரிச்செல்வம் கையில் கொடுத்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தான் கொண்டு போனால் அது தான் எழுதியதென்று ஆகிவிடும், தபாலில்தான் வர வேண்டும் என்றார். கவரில் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, தாளை மடித்து உள்ளே வைத்தேன். ஒட்டுவதற்குக் கோந்தை எடுத்தபோது மாசானம் அண்ணாச்சி கவரை வாங்கக் கை நீட்டினார். நீட்டிய கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

“வேண்டாம்” என்றார். “நீயே ஒட்டு.”

ஒட்டினேன். முழங்காலில் வைத்து ஓரம் முழுதும் அழுத்தி, அக்கரையில் தபாலில் போடத் தங்கதுரையிடம் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். டாக்டரும் மாரிச்செல்வமும் ஏறியதும் நாங்கள் இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி வள்ளத்தைத் தள்ளிவிட்டோம்.